வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? பெட்டி விற்றவன் எழுதும் வழிகாட்டி

என் கடை மேசையின் கீழ் இழுப்பறையில் விற்காமல் தங்கிப்போன ஆன்டிவைரஸ் பெட்டிகள் ஏழு கிடக்கின்றன. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் கடை. ஒரு காலத்தில் பழுது பார்த்த கூலியைவிட இந்தப் பெட்டிகளில் கிடைத்த கமிஷன்தான் வாடகை கட்டியது. விண்டோஸ் ஏற்றிக் கொடுக்கும்போதே "ஆன்டிவைரஸும் போட்டுவிடட்டுமா சார்?" என்று கேட்டுவிடுவேன். வேண்டாம் என்றவர் அரிது. அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் லேப்டாப்பைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்தவருக்கு, இதற்காக இன்னொரு முறை அலைய வேண்டியிருக்குமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்துக்கு விலை போட்டு விற்றேன் என்பதுதான் உண்மை.

இப்போது நானாகக் கேட்பதில்லை. யாராவது கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்கிறேன். ஏன், எப்போது வேண்டும், வேண்டாமென்றால் அதற்குப் பதிலாக எதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதைக் கடையில் நின்றபடி சொல்லி முடிப்பதற்குள் வாடிக்கையாளருக்குப் பஸ் வந்துவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

யாரிடம் சாவி கொடுக்கிறீர்கள்?

ஆன்டிவைரஸ் மற்ற மென்பொருட்களைப் போல ஓர் ஓரமாக உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பதல்ல. நீங்கள் ஒரு கோப்பைத் திறப்பதற்கு முன் அது திறந்து பார்க்கிறது. மின்னஞ்சல் இணைப்பு, ஜிப் கோப்பு, பென்டிரைவ் எல்லாம் அதன் கையைத் தாண்டித்தான் உங்களிடம் வருகின்றன. விண்டோஸின் அடியாழத்தில், சாதாரண மென்பொருள் எட்ட முடியாத இடத்தில் அதன் ஒரு பகுதி ஓடுகிறது. சில நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பு வசதி, வங்கித் தளத்துக்கும் உங்கள் பிரவுசருக்கும் நடுவில் தன் சான்றிதழை நுழைத்து, பூட்டிய போக்குவரத்தையும் பிரித்துப் பார்க்கும். புது வைரஸ்களை அறிய வேண்டும் என்பதால் உங்களைக் கேட்காமலே நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

இவ்வளவும் இல்லாமல் அதனால் வேலை செய்ய முடியாது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டின் எல்லா அறைச் சாவியும், பீரோ சாவியும் சேர்த்து ஒருவரிடம் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாவி வாங்கியவர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள்? 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. உலகமெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2016இல் மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி, சிமான்டெக், நார்ட்டன் ஆன்டிவைரஸ் தயாரிப்புகளில் ஓர் ஓட்டையைக் காட்டினார். கெட்ட கோப்பு ஒன்று மின்னஞ்சலில் வந்து சேர்ந்தாலே போதும், நீங்கள் அதைத் தொடக்கூட வேண்டாம். சோதிப்பதற்காக ஆன்டிவைரஸே அதைத் திறக்கும், அந்த இடத்திலேயே கணினி போய்விடும். 2024 ஜூலை 19 பலருக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது பெரிய நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், நம் வீட்டில் இருப்பதல்ல. ஆனாலும் அது பிடித்திருந்த சாவி இதே வகைச் சாவிதான்.

எனக்கு அதிகம் உறுத்திய சம்பவம் வேறு. 2024இல் அமெரிக்க அரசு ரஷ்ய ஆன்டிவைரஸான கேஸ்பர்ஸ்கியின் விற்பனைக்குத் தடை போட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க வாடிக்கையாளர் பலர் ஒரு நாள் கணினியைத் திறந்தபோது கேஸ்பர்ஸ்கி அங்கே இல்லை. அந்த இடத்தில் அல்ட்ராஏவி என்று கேள்விப்படாத ஒன்று உட்கார்ந்திருந்தது. மின்னஞ்சலில் சொன்னோம் என்றது நிறுவனம். அதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு மென்பொருள் தானே வெளியேறி இன்னொன்றை உள்ளே விட்டுப் போன அனுபவம். நீங்கள் நம்பிய வாட்ச்மேன், சொல்லாமல் கொள்ளாமல் சாவியை வேறொருவர் கையில் கொடுத்துப் போனால் என்ன சொல்வீர்கள்?

இலவசம் என்றால் யார் பணம் கட்டுகிறார்கள்?

பெட்டி வாங்க மனமில்லாதவர்கள் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றை இறக்கிக்கொள்வார்கள். நானே நூற்றுக்கணக்கான கணினிகளில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்படிப் போட்டவற்றுள் ஒன்று அவாஸ்ட்.

அவாஸ்டுக்கு ஜம்ப்ஷாட் என்றொரு துணை நிறுவனம் இருந்தது. கணினியில் இருந்த அவாஸ்ட் மென்பொருளும் பிரவுசர் நீட்சியும் திரட்டிய தகவல்கள், அதாவது எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எதைத் தேடினீர்கள் என்பவை, ஜம்ப்ஷாட் வழியாக விலைக்குப் போயின. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் அதை வெளியே கொண்டுவந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக உலாவல் தகவலை விற்கவும் தடை விதித்தது. "உங்களை யாரும் பின்தொடராமல் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லி வாங்கிய தகவல் அது என்பதுதான் ஆணையத்தின் முக்கியக் குற்றச்சாட்டு.

பணம் கட்டினாலும் மனம் நிம்மதியடைய முடியவில்லை. 2021இல் நார்ட்டன் தன் மென்பொருளோடு கிரிப்டோ நாணயம் தோண்டும் கருவி ஒன்றைச் சேர்த்தது. பயனர் சம்மதித்தால்தான் ஓடும் என்பது உண்மை. தோண்டியதில் 15 சதவீதம் நிறுவனத்துக்கு. மின்கட்டணம் உங்களுக்கு. வைரஸ்காரன் திருட்டுத்தனமாகச் செய்வதை இவர்கள் கேட்டுக்கொண்டு செய்தார்கள்.

வீட்டோடு வந்த காவல்

எக்ஸ்பி காலத்தில் விண்டோஸோடு ஆன்டிவைரஸ் வரவில்லை. அப்போது நான் பெட்டி விற்றதில் பொய் எதுவும் இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகிறது. தொடக்கத்தில் அது சுமார்தான். வாடிக்கையாளர்களிடம் "அது பேருக்குத்தான் சார்" என்று சொல்லிப் பெட்டியை நீட்டியிருக்கிறேன், அன்றைக்கு அது சரியாகவும் இருந்தது. பிறகு டிஃபெண்டர் தேறியது. என் பேச்சுதான் சில வருடங்கள் பழையதாகவே இருந்தது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என மூன்றுக்கும் தலா 6 வைத்து 18 மதிப்பெண் போடுகிறது. டிஃபெண்டர் அதில் பலமுறை முழு மதிப்பெண் வாங்கிவிட்டது.

மைக்ரோசாஃப்டும் தேவதூதர் அல்ல. 2017 மே மாதம் அதே ஓர்மண்டியும் நடாலி சில்வனோவிச்சும் டிஃபெண்டரிலேயே பெரிய ஓட்டை ஒன்றைப் பிடித்தார்கள்; சில நாட்களில் அடைக்கப்பட்டது. என் கணக்கு எளிமையானது. விண்டோஸ் ஓடுகிற கணினியில் மைக்ரோசாஃப்டிடம் சாவி ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸையே எழுதியவர்கள் அவர்கள்தான். அவர்களை நம்புவதா இல்லையா என்ற கேள்வி விண்டோஸ் ஏற்றிய அன்றே முடிந்துபோயிற்று. இரண்டாவது சாவி ஒன்று வெட்டி இன்னொருவரிடம் கொடுக்கக் காரணம் வேண்டும்.

முதல் படி: இப்போது யார் காவலில் இருக்கிறார் என்று பாருங்கள்

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். கீழே இடது மூலையில் செட்டிங்ஸ், அதற்குள் மேனேஜ் புரொவைடர்ஸ். எந்த ஆன்டிவைரஸ் பணியில் இருக்கிறது, எது உறங்குகிறது என்று அங்கே தெரியும். வெளி ஆன்டிவைரஸ் ஒன்று வந்துவிட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்கிய டிஃபெண்டரும் காலாவதியான வெளி ஆன்டிவைரஸும் என்று நிற்கிற கணினிகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. புது லேப்டாப்போடு சில மாதத்துக்கு இலவசமாக வந்தது முடிந்துபோயிருக்கும். நாள்தோறும் சிவப்பு எச்சரிக்கை காட்டும். வீட்டுக்காரர் அதை மூடி மூடிப் பழகியிருப்பார்.

ஒரு மாம்பழ சீசனில் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து கூழ் தொழிற்சாலைக் கணக்கர் ஒருவர் ஓடி வந்தார். வெளியே பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, எடைச் சீட்டை ஏற்றி பில் போடக் கணினி நிமிடக் கணக்கில் யோசிக்கிறதாம். வைரஸ்தான் என்று அவர் முடிவே செய்துவிட்டார். பார்த்தால் 4 ஜிபி நினைவகம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க், அதில் இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்று திறக்கும் கோப்பை இன்னொன்று சோதிக்கிறது, அது தொட்டதை இது திரும்பச் சோதிக்கிறது. வைரஸ் ஒன்றுகூட இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டு, ஹார்டு டிஸ்குக்குப் பதில் சுழலாத, வேகமான ஓர் எஸ்எஸ்டி மாற்றிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது: அதில் ஒரு பெட்டி என் கடையில் வாங்கியது.

இரண்டாம் படி: வேண்டாததை முழுதாக எடுங்கள்

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ். ஆன்டிவைரஸின் பெயரைக் கண்டு நீக்குங்கள். பாதியில் "சலுகை விலையில் தொடருங்கள்" என்று இரண்டு மூன்று முறை கெஞ்சும். நீக்கு என்பதற்கான எழுத்து சாம்பல் நிறத்தில், சிறிதாக எங்காவது ஓரத்தில் இருக்கும். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் மிச்சம் மீதி தங்கிவிடும். அதைத் துடைப்பதற்கென்றே ஒவ்வொரு நிறுவனமும் தனி நீக்கக் கருவி வைத்திருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தினால், நீக்கப் போய் இன்னொன்றை ஏற்றிக்கொண்டு வருவீர்கள்.

கூடவே வந்த பரிவாரத்தையும் அனுப்பிவிடுங்கள்: பாதுகாப்பு பிரவுசர், விபிஎன், டிரைவர் அப்டேட்டர், கணினியை வேகமாக்கும் கருவி, பிரவுசர் நீட்சி. இவற்றுள் ஒன்றுகூட நீங்கள் கேட்டு வந்தது அல்ல.

"உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா முடிந்தது, 5 வைரஸ்கள் உள்ளன" என்று திரையின் ஓரத்தில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் அறிவிப்பு பெரும்பாலும் ஆன்டிவைரஸிலிருந்தே வருவதில்லை. எங்கோ ஒரு சினிமாத் தளத்தில் "அலோ" (அனுமதி) என்பதை அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளம் குரோம் வழியாக அனுப்பும் விளம்பரம் அது. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் வரை போய்த் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் அந்த 5 வைரஸ்களும் செத்துவிடும். திரை முழுதும் சிவந்து, ஒலி எழுப்பி, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டினால் அழைக்காதீர்கள். கணினியை அணைத்து எழுப்புங்கள். உண்மையான ஆன்டிவைரஸ் எதுவும் வைரஸ் கண்டால் போன் செய்யச் சொல்லாது.

மூன்றாம் படி: டிஃபெண்டரை உட்கார வையுங்கள்

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதற்குள் மேனேஜ் செட்டிங்ஸ். ரியல்-டைம் புரொடெக்ஷன், கிளவுடு புரொடெக்ஷன், டாம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஆன் ஆக இருக்கட்டும். டாம்பர் புரொடெக்ஷன் இருந்தால்தான் உள்ளே வந்த கெட்ட நிரல் டிஃபெண்டரையே அணைத்துவிடாமல் தடுக்க முடியும்.

அதே பக்கத்தின் அடியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். "இந்த இடங்களைச் சோதிக்காதே" என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் தம்பி ஒருவர், டிஃபெண்டர் பச்சை டிக் காட்டுகிறது, ஆனால் மின்னஞ்சல் கடவுச்சொல் மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருக்கிறது என்று வந்தார். பட்டியலில் சி டிரைவ் முழுதும் இருந்தது. திருட்டு டிசைன் மென்பொருளை ஏற்றியபோது அதுவே அங்கே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. காவலாளி விழித்துத்தான் இருக்கிறார். வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே என்று சொல்லிவிட்டார்கள். நீங்களாகச் சேர்க்காத எதுவும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

அடுத்தது ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல். அதில் ரெப்யூடேஷன் சார்ந்த பாதுகாப்புக்குள், வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். டூல்பார், வேகக் கருவி போன்ற வால்கள் ஒட்டிக்கொண்டு வருவது குறையும்.

கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ் என்பது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேருக்கு எதிரான பூட்டு. தெரியாத நிரல் எதையும் உங்கள் டாக்குமென்ட்ஸ், படங்கள் கோப்புறைகளில் எழுத விடாது. நல்ல வசதி. ஆனால் கணக்கு மென்பொருளும், ஸ்கேனரோடு வந்த நிரலும் சேமிக்க முடியாமல் விழிக்கும். ஒவ்வொன்றையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பொறுமை உள்ளவர்கள் போடலாம். என் வீட்டுக் கணினியில் போட்டிருக்கிறேன், கடைக் கணினியில் போடவில்லை.

எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. 68 எழுத்துகள் கொண்ட, யாருக்கும் தீங்கு செய்யாத வரி. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகப் பாவித்துப் பிடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை வெளியிடும் ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கினால் டிஃபெண்டர் உடனே பறித்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

நான்காம் படி: வைரஸ் வரும் வழிகளை அடைத்துவிடுங்கள்

எந்தப் பெயர் போட்ட ஆன்டிவைரஸும் இதைச் செய்து தராது. என் மேசையில் பார்த்த நோய்களில் பெரும்பங்கு இரண்டு வழியாக வந்தது.

ஒன்று, கிராக், அதாவது காசு கட்டாமல் பூட்டு உடைத்த மென்பொருள். விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கருவி, திருட்டு ஃபோட்டோஷாப், திருட்டுக் கணக்கு மென்பொருள். அதோடு வரும் குறிப்பின் முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கவும்" என்றிருக்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கு என்று எழுதிக் கொடுக்கிறான்; நாமும் செய்கிறோம். இன்றைக்கு அதோடு வருபவை பெரும்பாலும் கடவுச்சொல் திருடும் நிரல்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களோடு, ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் அடையாளத் துண்டுகளையும் (குக்கி) சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். கணினி மெதுவாகக்கூட ஆகாது. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஆஃபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் போல நேர்வழி இலவசங்கள் இருக்கின்றன. ஃபிளெக்ஸ் கடைத் தம்பி இங்க்ஸ்கேப்பைப் பழகிக்கொள்ள எடுத்த இரண்டு மாதமும் என்னைத் திட்டினார். பரவாயில்லை.

இரண்டு, ஜெராக்ஸ் கடை பென்டிரைவ். ஹால் டிக்கெட், பட்டா நகல், திட்ட அறிக்கை என்று ஊரே ஒரு கணினியில் பென்டிரைவைச் செருகி எடுக்கிறது. வீட்டுக்கு வந்து திறந்தால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட் ஆகியிருக்கும். பதறி ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், அந்த ஷார்ட்கட்டை இரண்டு முறை அழுத்தவும் செய்யாதீர்கள். பெரும்பாலும் உங்கள் கோப்புகள் மறைக்கப்பட்டு அங்கேயே இருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள்; விண்டோஸின் சொந்தக் கோப்பு போல ஒளித்திருந்தால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் அந்த மறைப்பையும் எடுக்க வேண்டும். பிறகு பென்டிரைவ் மேல் வலது சொடுக்கிட்டு டிஃபெண்டரால் சோதியுங்கள். இன்னும் சுலபம்: ஜெராக்ஸ் கடைக்குத் தனியாக ஒரு பழைய பென்டிரைவ், அச்சிட வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில்.

சந்தேகமான ஒரு கோப்பை மட்டும் பார்க்க வேண்டுமா? வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல பத்து ஆன்டிவைரஸ் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கருத்துச் சொல்லும். கூகுள் 2012இல் வாங்கிய சேவை அது. ஏற்றுவது பொதுவில் போகும் என்பதால் ஆதார், வங்கி ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடுபவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு: வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தைத் தாக்கியது 2017 மே 12. அதைத் தடுக்கும் பேட்சை, அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது மார்ச் 14. இடையில் ஏறக்குறைய இரண்டு மாதம்.

பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள் என்பதுதான் நான் இப்போது சொல்லும் முதல் யோசனை. மாதம் ஒரு முறை குழந்தைகளின் படங்களையும் பத்திரங்களின் ஸ்கேனையும் நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். கழற்றுவது முக்கியம். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

யார் வாங்கலாம்?

டிஃபெண்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் அறிவில் பெரும்பகுதி இணையத்தின் மறுமுனையில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரேட்டிவ்ஸ் சோதனைகளில் இணையம் துண்டித்த நிலையில் அதன் பிடிக்கும் திறன் மற்ற சிலவற்றைவிடத் தெளிவாகக் குறைகிறது. சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் இணையம் வந்து வந்து போகும் வீட்டில், பென்டிரைவ் மூலமே எல்லாம் நடக்கும் கணினி என்றால், வெளி ஆன்டிவைரஸுக்கு அங்கே நியாயமான வேலை இருக்கிறது. ஐந்தாறு கணினி வைத்த கடையில் எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றாலும், ஏதாவது ஆனால் தமிழில் பேசிக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று நினைக்கும் பெரியவருக்கும் பெட்டி பொருந்தலாம். நம் பக்கத்துக் கடைகளில் காணும் கே7 சென்னையில் 1991இல் தொடங்கிய நிறுவனம். குவிக் ஹீல் புனேயைச் சேர்ந்தது. வெளிநாட்டுப் பெயர் என்பதாலேயே உயர்வும் இல்லை, உள்ளூர்ப் பெயர் என்பதாலேயே விலக்கும் இல்லை. மேலே சொன்ன இரண்டு சோதனைக் கூடங்களின் அண்மை முடிவுகளைப் பார்த்து, தேவையானதை மட்டும் ஏற்றி, இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதியையும் தகவல் பகிர்வையும் அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஆன்டிவைரஸ் போட்டால் போதும் என்று ஏமாற வேண்டாம். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது; நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் உண்டு. சுவரில் விழுந்த ஓட்டையை வாட்ச்மேன் பூச முடியாது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பாட்டு, படம், பிரவுசர், அரசுத் தளங்கள் என்ற அளவுக்கு அது தாராளம்.

கடையில் வாங்கினால் கவனிக்க வேண்டியது, உள்ளிருந்து சொல்கிறேன். பிரிக்காத பெட்டியை உங்கள் கண் முன் திறக்கச் சொல்லுங்கள். மூன்று கணினிக்கான சாவி எண்ணை (லைசன்ஸ் கீ) மூன்று பேருக்குத் தனித்தனியாக விற்பது உண்டு. ஒரு நாள் நிறுவனம் அதை முடக்கும், கடைக்காரர் போனை எடுக்க மாட்டார். பதிவு உங்கள் மின்னஞ்சலில் நடக்கட்டும். நான் பல வருடம் என் கடை மின்னஞ்சலில் பதிந்தேன். சோம்பேறித்தனம்தான் காரணம், ஆனால் புதுப்பிக்கும் நாள் வந்தால் செய்தி எனக்குத்தான் வந்தது, நான்தான் போன் செய்தேன், இன்னொரு பெட்டி விற்றது.

ஏற்கெனவே நோய் வந்துவிட்டால்

இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை இந்தக் கணினியில் மாற்றாதீர்கள், போனிலிருந்து மாற்றுங்கள். ஜிமெயிலில் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பதும் சிக்கும்; 15 நிமிடம் போல ஆகும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசத் துப்புரவுக் கருவிகள் உள்ளன. கடவுச்சொல் திருடும் நிரல் என்று தெரிந்தால் நான் துடைத்துப் பார்ப்பதே இல்லை. கோப்புகளை நகல் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுகிறேன். பணம் போயிருந்தால் முதல் வேலையாக சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

மீதி இருக்கும் சந்தாவை என்ன செய்வது?

பாலக்கோட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, நான் கட்டிய பணத்தில் இன்னும் எட்டு மாதம் மீதி இருக்கிறதே?" என்றார். நியாயமான கேள்வி. கணினி வேகமாகத்தான் இருக்கிறது, தொல்லை இல்லை என்றால் எட்டு மாதமும் ஓடட்டும்; அவசரமாகப் பிடுங்க வேண்டியதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆப்ஷன்ஸுக்குள் பீரியாடிக் ஸ்கேனிங்கை மட்டும் ஆன் செய்தால் டிஃபெண்டரும் அவ்வப்போது ஒரு சுற்று பார்த்துக்கொள்ளும்.

அன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து தானியங்கிப் புதுப்பித்தலை அணையுங்கள். முதல் வருட விலை வேறு, இரண்டாம் வருட விலை வேறு. கார்டு எண் அவர்களிடம் இருந்தால் அந்த இரண்டாம் விலை தானாகப் போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி இங்குள்ள கார்டிலிருந்து அப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும்; அந்தக் குறுஞ்செய்தியில் வேண்டாம் என்று நிறுத்தவும் வழி இருக்கும். ஆசிரியரின் போனில் அந்தச் செய்தி வந்த தேதியைத் தேடினோம். போன வருடமும் வந்திருந்தது, 600 படிக்காத குறுஞ்செய்திகளுக்கு நடுவில்.